யார்டா என் வரியை அழிச்சது?

ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிச்சுப் பாருங்க. ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்து, டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி நாலு வரி இங்கிலீஷ்ல எழுதி வெச்சுட்டுத் தூங்கப் போறீங்க. காலையில எழுந்து பார்த்தா, அந்த நாலு வரியைக் காணோம்! அதே இடத்துல வேற யாரோ எழுதின ஆறு வரி கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கு. எப்படி இருக்கும் உங்களுக்கு?

எங்க கிளாஸ்ல ஒரு செமஸ்டர் பூரா இந்த அக்கப்போர்தான் நடந்துச்சு. காரணம், 'விக்கி'!

இங்கிலீஷ் ரைட்டிங் கிளாஸுக்கு வர்ற மேடம் ஒருநாள், "இனிமே அசைன்மென்ட் நோட்டு கிடையாது. கிளாஸுக்கே பொதுவா ஒரு விக்கி. ஆறு ஆறு பேரா பத்து டீம். மண்ணாடிப்பட்டு கொம்யூன்ல ஆளுக்கொரு ஊரை எடுத்துக்கிட்டு எழுதுங்க. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் திருத்தலாம்"னு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. 'இம்போசிஷனே பரவாயில்ல'ன்னு கடைசி பெஞ்சுல இருந்து ஒரு குரல் வந்துச்சு.

விக்கின்னதும் உங்களுக்கு விக்கிப்பீடியா மட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா அது 2001-ல பிறந்த தம்பி. அண்ணன் 1995-லயே வந்தாச்சு. வார்டு கன்னிங்ஹாம்ங்கிற அமெரிக்க புரோகிராமர், படிக்கிறவங்களே எழுதவும் திருத்தவும் ஒரு தளம் செஞ்சார். ஹொனலூலு ஏர்போர்ட்ல ஓடுற பஸ்ஸுக்கு 'விக்கி விக்கி'ன்னு பேர். ஹவாய் மொழியில 'சீக்கிரம் சீக்கிரம்'னு அர்த்தம். அந்தப் பேரையே தளத்துக்கும் வெச்சுட்டார். நம்ம ஊர் டவுன் பஸ்ஸுக்கு அப்படி ஒரு பேர் வைக்க முடியாதுங்கிறது வேற விஷயம்!

சரி, பசங்க என்ன சொன்னாங்க? அதை முதல்ல கேளுங்க.

ஹாஸ்டல் தோழி ஒருத்தி: "நோட்டுல தப்பா எழுதினா மேடம் மட்டும்தான் பார்ப்பாங்க. இதுல 60 பேர் பார்க்கிறாங்க. ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்குக்கு ஒரு வாரம் ஓட்டுறாங்கப்பா."

முதல் பெஞ்ச் படிப்ஸ்: "நான் உழைச்சு எழுதுவேன், ஆறு பேரும் மார்க் வாங்கிட்டுப் போவாங்க. இது என்ன நியாயம்?"

கடைசி பெஞ்ச் நண்பன்: "எவ்வளவு தடவை எடிட் பண்ணோம்னு கணக்கு வருதுல்ல? அதான் ஒரு கமா வெப்பேன், சேவ். அடுத்த கமா, சேவ். நாப்பது எடிட் ஆச்சு மச்சி!"

இன்னொருத்தன்: "நெட்ல இருந்து ஈயடிச்சான் காப்பி அடிச்சா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போய் எதுக்கு டென்ஷன்?"

சிரிப்பா இருக்குல்ல? எனக்கும் இருந்துச்சு, என் தலையில விழுற வரைக்கும்.

எங்க டீமுக்கு வந்த ஊர் திருபுவனை. டீம்ல ஒரு நண்பன் அந்த ஊர்க்காரனே. அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சு, அவங்க வீட்டுல முதல் ஆளா காலேஜுக்கு வந்தவன். கிளாஸ்ல யாராவது பீட்டர் விட ஆரம்பிச்சா ஜன்னலைப் பார்க்க ஆரம்பிச்சிடுவான். அவன்தான் எங்க பக்கத்துல முதல் நாலு வரி எழுதினான். 'அவர் வில்லேஜ் பெருமாள் டெம்பிள் வால் ஹேவ் லெட்டர்ஸ். மை கிராண்ட்ஃபாதர் டோல்டு இட் இஸ் அபௌட் ஸ்கூல்.' இப்படிப் போச்சு.

முதல்ல கேட்டேனே, யார் அழிச்சதுன்னு? சத்தியமா சொல்றேன், நான்தான்.

கிராமர் தப்பு, அதுவும் இல்லாம 'தாத்தா சொன்னார்'னு எழுதினா அது ஆதாரமான்னு ஒரு நினைப்பு. அவனை ஒரு வார்த்தை கேட்கல. அழிச்சுட்டு, ஒரு சுற்றுலா தளத்துல இருந்து ஆறு வரியைச் சுட்டு, அங்கங்கே ரெண்டு வார்த்தையை மாத்திப் போட்டேன். இங்கிலீஷ் சும்மா பளபளன்னு இருந்துச்சு. அவன் சண்டைக்கு வரல. 'ஏன்டா'ன்னுகூட கேட்கல. அதுக்கப்புறம் விக்கி பக்கமே வரல. அவ்வளவுதான்.

மூணு வாரம் கழிச்சு மேடம் எங்க டீமைக் கூப்பிட்டாங்க. விக்கியில 'வரலாறு'ன்னு ஒரு பட்டன் இருக்கு. யார், எந்த நிமிஷம், எதைச் சேர்த்தா, எதை அழிச்சான்னு அத்தனையும் அதுல பதிவாயிடும். மேடம் அதைத் திறந்து, "இந்த ஆறு வரி எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன், ரெண்டு நிமிஷத்துல கிடைச்சுடுச்சு. இந்த நாலு வரியை எங்கே தேடியும் கிடைக்கல. ஏன்னா அது இந்தப் பையன் மட்டும்தான் எழுத முடியும். நீ எதை வெச்சுட்டு எதை அழிச்சிருக்கே?"ன்னாங்க. வாங்கினேன் பாருங்க ஒரு பல்பு!

இதே பல்பை ஊரறிய வாங்கின ஒரு கதை உண்டு. 2011-ல புனேவுல, புனே பொறியியல் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள்ல, விக்கிப்பீடியாவுல கட்டுரை எழுதுறதையே பாடத்தோட சேர்த்தாங்க. விக்கிமீடியா அறக்கட்டளையோட பைலட் திட்டம். நோக்கம் சூப்பர். ஆனா நிறையப் பேர் பாடப் புத்தகத்துல இருந்தும் இணையத்துல இருந்தும் அப்படியே எடுத்து ஒட்டிட்டாங்க. பதிப்புரிமை மீறல்னு உலகம் பூரா இருக்கிற தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா அழிக்க வேண்டியதாச்சு. அந்த வருஷக் கடைசியிலயே பைலட்டுக்கு மூடுவிழா. எழுதின பசங்க எல்லாரும் கெட்டவங்களா என்ன? பள்ளிக்கூடத்துல இருந்து நாம பழகினது, 'புக்குல இருக்கிறதை மாத்தாம எழுது, அப்பதான் மார்க்'. பன்னிரண்டு வருஷம் அப்படிப் பழக்கிட்டு, திடீர்னு 'சொந்தமா எழுது'ன்னா கை நடுங்கத்தானே செய்யும்?

அடுத்த சனிக்கிழமை அவனோட பஸ் ஏறி திருபுவனை போனேன். கோயில் சுவர்ல எழுத்து இருந்துச்சு. எங்களுக்குப் படிக்க வரல. அப்புறம் லைப்ரரியில சோழர் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டினா, ரெண்டு பேருக்கும் புல்லரிச்சுப் போச்சு. முதலாம் ராஜாதிராஜன் காலம், 1048-ஆம் வருஷக் கல்வெட்டு. திருபுவனையில ஒரு கல்லூரி, 260 மாணவர்கள், 12 ஆசிரியர்கள்! தாத்தா சொன்னது அட்சரசுத்தமா உண்மை. நான் அழிச்சது கிராமரை இல்ல, கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்தை.

அதைப் படிச்சுட்டு அவன் கேட்ட கேள்விதான் இன்னும் என் மண்டையில ஓடுது. "அந்த 260 பேர்ல எங்க தாத்தாவோட தாத்தா இருந்திருப்பாரா?" வாய்ப்பே இல்ல. அது வேதம் படிக்கிறவங்களுக்கான கல்லூரி. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கல. கதவு திறந்து அவன் உள்ளே வந்த முதல் வருஷத்துலயே, நான் போய்ச் சாத்தப் பார்த்திருக்கேன்.

விக்கியில ஒரு நல்ல விஷயம், எதுவுமே நிஜமா அழியாது. வரலாற்றுக்குள்ள போய் அவனோட நாலு வரியை மீட்டேன். அப்புறம் பக்கத்துல உட்கார்ந்து கிராமரைச் சேர்ந்தே சரி பண்ணோம். 'தாத்தா சொன்னார்' அப்படியே இருக்கு, கீழே கல்வெட்டுத் தகவல் புத்தகத்தோட பேரோட இருக்கு. ரெண்டும் சண்டை போடாம இருக்கு.

அதனால விக்கி நல்லதா கெட்டதான்னு கேட்டா, என் ஓட்டு நல்லதுக்குத்தான். ஆனா மூணு கண்டிஷன். ஒண்ணு, அடுத்தவங்க வரியில கை வைக்கிறதுக்கு முன்னாடி 'உரையாடல்' பக்கத்துல ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு, சொல்லித்தர்றவங்க எடிட் எண்ணிக்கையைப் பார்த்து மார்க் போடாம, வரலாற்றைத் திறந்து யார் என்ன யோசிச்சாங்கன்னு பார்க்கணும். இல்லேன்னா கமா பார்ட்டிகள்தான் ஃபர்ஸ்ட் வருவாங்க. மூணு, சுடாதீங்க. இன்னிக்கு ஏஐ கிட்ட கேட்டா ஒரே நொடியில அறுபது வரி தரும். அந்தத் தாத்தா பேசினது அதுக்குத் தெரியுமா?

இங்கிலீஷ்தான் பயம்னா, தமிழ் விக்கிப்பீடியா இருக்கு பாஸ். 2003-ல தொடங்கினது, இன்னிக்கு ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டியாச்சு. ஆரம்பத்துல இருந்து ஆயிரக்கணக்குல எழுதிக் குவிச்ச மயூரநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். அமீரகத்துல கட்டடக் கலைஞரா வேலை பார்த்துக்கிட்டே எழுதினவர். 2015-க்கான இயல் விருது அவருக்குக் கிடைச்சுது. 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டி கல்லூரி மாணவர்களுக்குன்னே அதுல கட்டுரைப் போட்டி நடந்துச்சு. எழுதிப் பழக 'மணல்தொட்டி'ன்னு ஒரு பக்கம்கூட உண்டு. எவ்வளவு தப்பு வேணா பண்ணலாம், ஓட்டுறதுக்கு ஆள் கிடையாது.

இந்த வாரத்துக்கு ஒரு சின்ன வேலை. உங்க ஊரைப் பத்தின கட்டுரையை விக்கிப்பீடியாவுல திறந்து பாருங்க. மக்கள்தொகையும் பின்கோடும் மட்டும்தான் இருக்கா? அப்படீன்னா உங்க வீட்டுத் திண்ணையில இருக்கிற பெருசுகிட்ட போய் உட்காருங்க. கேளுங்க. லைப்ரரியில போய்ச் சரி பாருங்க. அப்புறம் எழுதுங்க.

அப்புறம், என் நண்பன் இப்பல்லாம் ஜன்னலைப் பார்க்கிறதில்ல. நேத்து நான் எழுதின ஒரு வரியை அவன் அழிச்சுட்டான். உரையாடல் பக்கத்துல காரணமும் எழுதியிருந்தான். படிச்சுப் பார்த்தேன்... பய சொன்னது கரெக்ட்டுதான்!