பாவித்த பியர்க் குழாயும் பரிசோதிக்காத துணிவும்

மது அருந்துவது நன்றா தீதா என்னும் விவாதம் இக்கட்டுரையின் நோக்கமன்று. வைபவம் ஒன்றுக்கு நூறு பேரை அழைப்பவர், அவர்கள் வாய் வைக்கும் பானம் எவ்வழியாக வருகிறது என்பதற்குப் பொறுப்பாளியா, இல்லையா? என் கேள்வி அதுவே.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் நம்மவர் வீட்டு வைபவங்களில் பியர்ப் பீப்பாய் இடம்பெறுவது புதுமையன்று. பீப்பாயைப் பெரும்பாலும் விற்பனை நிலையமே தருகிறது. அதன் தலையில் பொருத்தும் இணைப்பு, வாயு ரெகுலேட்டர், குழாய், திறப்பான் ஆகியவற்றையோ சிலர் பாவித்த நிலையில் மலிவாக வாங்கி வைத்திருக்கின்றனர். நண்பர்களுக்கும் இரவல் கொடுக்கின்றனர். மலிவாக வாங்குவதை நான் குறை கூறவில்லை. வைபவ நாளில், விருந்தினர் வாசலில் நிற்கும்போது அதை முதன்முறையாகப் பெட்டியிலிருந்து எடுப்பதையே குறை கூறுகிறேன்.

பியர் அமிலத் தன்மையுள்ள பானம். குழாயினுள் எஞ்சிய துளிகளில் மதுவமும் பக்ரீரியாவும் வளரும். கல்சியம் ஒட்சலேற்று கல்லாகப் படியும். வெறும் சுடுநீர் இவற்றை அகற்றிவிடாது. பியர் பரிமாறும் நிலையங்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை காரக் கரைசலால் குழாய்களைச் சுத்தம் செய்யவேண்டும் என்பது அமெரிக்க மதுவடிப்பாளர் சங்கத்தின் பரிந்துரை. நாள்தோறும் ஓடும் குழாய்க்கே இந்த விதியென்றால், ஓராண்டு பெட்டியில் உறங்கிய குழாயின் நிலை என்ன?

ஆதலால் இணைப்பையும் திறப்பானையும் முற்றாகக் கழற்ற வேண்டும். காரக் கரைசலில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்து நன்கு அலச வேண்டும். வெடித்த, தட்டையான றப்பர் வளையங்களைக் கழுவிப் பயனில்லை. புதியவற்றை இடுவதே முறை. அவற்றுக்கு உணவுக்கு உகந்த மசகையே பூச வேண்டும். பெற்றோலிய மசகு றப்பரைக் கெடுத்துவிடும். குரோம் பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும் பாகத்தை ஒதுக்கிவிடுங்கள். அமிலம் பட்டால் பானத்தில் உலோகச் சுவை ஏறும். பித்தளையில் ஈயம் கலந்திருப்பின் அதுவும் கரையக்கூடும்.

இணைப்பின் வகையையும் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பீப்பாய்களில் பெரும்பாலானவற்றுக்கு டி வகை. ஐரோப்பியப் பீப்பாய்கள் பலவற்றுக்கு எஸ் வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நுழையும் முனையின் நீளம் வேறு. வாயு நுழையும் வாயிலில் பியர் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும் சிறு றப்பர் வால்வு ஒன்றுண்டு. பாவித்த இணைப்புகளில் அது காணாமற் போயிருப்பது வழமை.

அனைத்திலும் பாரதூரமானது வாயு. சாதாரண வெப்பநிலையில் காபனீரொட்சைட்டுச் சிலிண்டரினுள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 850 இறாத்தல். பீப்பாய்க்குத் தேவைப்படுவதோ 12 முதல் 14 வரையே. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது கையடக்கமான ரெகுலேட்டர் ஒன்றுதான். 2012 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்திலுள்ள மதுவடிசாலை ஒன்றில், அமுக்கிய காற்றினால் சுத்தம் செய்யப்பட்ட பிளாஸ்டிக் பீப்பாய் வெடித்து இளம் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தொழிற்சாலையிலேயே நிகழக்கூடியது வீட்டுக் கராஜில் நிகழாதா? காபனீரொட்சைட்டு மணமற்றது, காற்றிலும் கனமானது. மூடிய நிலவறையில் கசிந்தால் எவருக்கும் தெரியாமலே தாழ்வான இடத்தில் தேங்கும்.

இதற்குரிய பரிசோதனை கடினமானதன்று. சிலிண்டரின் தோளில் பொறித்த சோதனைத் திகதியைப் பாருங்கள்; அமெரிக்காவில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுசோதனை கட்டாயம். ரெகுலேட்டர் இணையுமிடத்தில் புதிய வொஷர் இடுங்கள். வாயுவைத் திறந்து மூட்டுகளில் சவர்க்கார நீர் பூசுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. பின்னர் சிலிண்டரை மூடிச் சற்றுநேரம் காத்திருங்கள். மானியின் முள் இறங்கினாலும் கசிவே. இவை யாவும் முதல் நாளே முடிய வேண்டும். குளிர்ந்த பீப்பாயும் அசையாது ஓய்ந்திருக்க அவகாசம் கிடைக்கும். பழுதான பாகத்தை மாற்றக் கடையும் திறந்திருக்கும்.

வொஷரும் றப்பர்க் குழாயும் அற்பமானவை என்று எண்ணுவோருக்கு எமது நாட்டின் 2021ஆம் ஆண்டு இறுதியை நினைவூட்ட விரும்புகிறேன். சமையல் எரிவாயு விபத்துகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது வாயுக் கலவை பற்றிய சர்ச்சை எழுந்தது, அது எழவேண்டியதே. அதேவேளை, தம் அடுப்பின் குழாயையும் ரெகுலேட்டரையும் பலர் திருப்பிப் பார்த்ததும் அப்போதுதான். அச்சம் வந்த பின்னரே பரிசோதிப்பது எமது சுபாவமாகிவிட்டது.

இரவல் கொடுப்பவர், கடைசியாகச் சுத்தம் செய்த திகதியையும் மாற்றிய பாகங்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதனுடன் கட்டிக் கொடுக்கட்டும். வாங்குபவர் அதைக் கேட்கத் தயங்கவேண்டாம். கேட்டால் நட்பு முறியும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: அந்தக் கேள்வியைத் தாங்காத நட்பு, விபத்தின் மறுநாள் எழும் கேள்விகளையும் தாங்கப்போவதில்லை.