விதி என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

2024 நவம்பர் 27 அன்று, மாமல்லபுரத்தை அடுத்த பண்டிதமேட்டில், மாடு மேய்க்க வந்து சாலையோரம் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மீது வேகமாக வந்த கார் ஏறியது. ஐந்து பேரும் இறந்தார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் நம் பக்கத்தில் இரண்டு பேச்சு கிளம்பும். ஒன்று, "ரோட்டோரமா எதுக்கு உக்காரணும்?" இன்னொன்று, "அவங்க நேரம், யார் என்ன பண்ண முடியும்?" முதல் பேச்சுக்குப் பதிலே தேவையில்லை. இரண்டாவதுதான் ஆபத்தானது. கேட்பதற்கு ஆறுதல் போல இருக்கும் அந்தப் பேச்சு, அடிபட்ட குடும்பத்துக்குச் சட்டப்படி சேர வேண்டியதைச் சேர விடாமல் செய்கிறது.

2022-இல் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொன்றது அதிவேகம் என்கிறது மத்திய அமைச்சகத்தின் அறிக்கை. ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு போய்ப் பார்த்தவர்களுக்கு அறிக்கையே தேவைப்படாது. ஜி.எஸ்.டி. சாலையில் விளக்கு எரியாமல் ஓரங்கட்டிய லாரி, அடுத்த திருப்பம் வரை போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வரும் பைக், பேருந்தை விட்டு இறங்கியவர் கடக்க வழியில்லாத சாலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளி இருக்கிறார். 'விதி' என்று சொன்ன மாத்திரத்தில் அவர் தப்பித்துக்கொள்கிறார்.

அந்த 'விதி' முதலில் எழுதப்படும் இடம் ஆஸ்பத்திரி. அடிபட்டவரைக் கொண்டுவந்ததும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதன் நகலைத்தான். எத்தனை மணி, யார் கொண்டுவந்தது, எப்படி அடிபட்டது என்று நாலைந்து வரி. "எதுக்கு போலீஸ் கேஸ்?" என்று பயந்து, கூட வந்த உறவினர் "பைக் ஸ்கிட் ஆகி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். டாக்டரும் அப்படியே எழுதுவார். பிறகு வழக்கு நடக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த ஒரு வரியைத்தான். மோதிய வண்டி எது, நம்பர் என்ன என்பதை உள்ளபடி சொல்லி எழுதச் செய்திருந்தால் வழக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அடுத்தது, பெரியவர்கள் நாலு பேர் கூடிப் "பேசி முடிப்பது". ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கைமாறும், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் போகும். இதில் இரக்கமும் கலந்திருக்கிறது: "அவனும் பிள்ளைகுட்டிக்காரன், பாவம்." அந்த இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் இழப்பீட்டைக் கட்டப்போவது பெரும்பாலும் ஓட்டுநர் அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி. அந்தக் காப்பீடு கட்டாயம் என்று சட்டம் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். விபத்தில் இறந்தவர் 32 வயதுக்காரர், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த எலக்ட்ரீசியன் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். இதுபோக ஈமச் செலவு முதலியவை தனி. ஐம்பதாயிரத்துக்கு முடித்துக்கொண்ட குடும்பம் எதை விட்டுக்கொடுத்தது என்று அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

"மாடு மேய்க்கிற பொம்பளைக்கு என்ன வருமானம், என்ன இழப்பீடு?" என்பவர்களும் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஒரு வருமானத்தைக் கணித்தே தீர வேண்டும். இல்லத்தரசியின் உழைப்புக்கும் மதிப்புண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது.

எனக்கு மிகவும் கோபம் வருவது, "செத்தவரை வெச்சு காசு பாக்குறாங்க" என்ற பேச்சைக் கேட்கும்போது. இழப்பீடு என்பது உயிருக்கு விலை அல்ல. நின்றுபோன சம்பளம் அது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அது, காலை இழந்தவருக்கு ஆயுள் முழுக்க ஆகும் வைத்தியச் செலவு அது. அதைக் கேட்பவரைக் கூசச் செய்கிற ஊர், மோதியவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

புரோக்கர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறார்கள், வழக்கு இழுக்கும், வக்கீல் பாதியை எடுத்துக்கொள்வார் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எதுவானாலும் இலவச வக்கீல் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இழப்பீட்டு மனுவையும் விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கதை முடிவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த அத்தகைய விபத்துகளில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய் உண்டு. வண்டி அடையாளம் தெரிந்தால், யார் தப்பு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். சிகிச்சைக்குக் கையில் பணமில்லை என்று தயங்கவும் வேண்டாம். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதே மாமல்லபுரம் இருக்கும் இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான்.

ஒன்றில் மட்டும் அவசரம் தேவை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. கருமாதி முடிந்த வாரத்திலேயே வீட்டில் யாராவது ஒருவர் காவல் நிலையம் போய் எஃப்.ஐ.ஆர். நகலையும், ஆஸ்பத்திரி போய் ஏ.ஆர். காப்பியையும் வாங்கி வைத்துவிட வேண்டும்.