ஒரேஞ்ச் தொட்டிக்குள்ள புரியாணி எதுக்கு?



போன கிழமை எங்கட பாடசாலையில ஒரு கூட்டம். முடிவில எல்லாருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில புரியாணி. பிறகு பிளாஸ்டிக் போடுற ஒரேஞ்ச் தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தேன். பாதிப் பெட்டிகள்ல சோறு, கோழி எலும்பு, எண்ணெய். மேல வழிக்காத யோகட் கப்கள். பக்கத்துச் சுவரில சுத்தம் பற்றிய ஹதீஸ், அழகான எழுத்தில. நாங்கதான் எழுதி வைச்சது.

"சேர், அது மாநகர சபைக்காரன்ட வேலை" என்று சொன்னவருக்குத்தான் இந்தப் பதிவு.

இல்ல சேர், உங்கட வேலை. பிளாஸ்டிக் எடுக்கிறவர் காசு குடுக்கிறது பிளாஸ்டிக்குக்கு, ஊசிப்போன சோத்துக்கு இல்ல. எண்ணெய் வடியுற ஒரு பெட்டி பக்கத்தில கிடக்கிற நல்ல போத்தலையும் பழுதாக்கும். கடதாசியில பட்டா அதுவும் போச்சு. நம்ம வெயிலுக்கு ரெண்டு நாள்ல புழு. யார் அதைக் கையால பிரிப்பா? முழுத் தொட்டியும் சாதாரணக் குப்பையோட லொறியில ஏறும்.

நம்ம பக்கத்துக் குப்பை கொட்டுற இடம் அஷ்ரப் நகர், பள்ளக்காடு. அங்க எட்டு வருசத்தில 20 யானை அளவில பிளாஸ்டிக் தின்று செத்ததாக 2022 ஜனவரியில உலகம் முழுக்கச் செய்தி வந்தது. யானை பிளாஸ்டிக்கைத் தேடி வாறதில்ல. அதில ஒட்டியிருக்கிற சோத்து வாசத்துக்கு வந்து, பொலித்தீனோட சேர்த்து விழுங்குது. நாம வழிக்காம விட்ட சோறு.

"கழுவினா தண்ணி வீண்" என்றார் இன்னொருவர். வுழூவுக்கே தண்ணிய வீணாக்கக் கூடாதென்று படிச்ச ஆக்கள் நாங்க, கேள்வி சரிதான். ஆனா சாப்பிட்ட கையக் கழுவத்தானே போறீங்க? அந்தத் தண்ணி பெட்டிக்குள்ள விழட்டும். முதல்ல மிச்சத்தை வழிச்சுப் பச்சைத் தொட்டியில போடுங்க. அலசி, மூடியைக் கழற்றி, கவிழ்த்து வைங்க. காய்ஞ்ச பிறகு ஒரேஞ்ச் தொட்டி. ஒரு நிமிஷம் போகாது.

பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பர் 1இல இருந்து தடை. ஆனாலும் ஆசிரியர் அறை மேசையில தினமும் விரியுது. அதைக் கழுவியும் பலனில்ல, வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வாங்க.

தனிச் சபை கேட்டுக் கடைகளைப் பூட்டி ஒற்றுமையா நின்ற ஊர் இது. ஒரு பெட்டி கழுவ ஏலாதா?

நாளை இடைவேளைக்கு நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில நிற்பேன், கோபிக்க வேணாம். தரம் 8 பிள்ளைகள் அன்றைக்கே தங்கட பெட்டியைக் கழுவித்தான் போட்டாங்க. எங்கட மேசையில கிடந்ததையும் அவங்கதான் வழிச்சது.