பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

அரசு மருத்துவமனைகளின் நிதிப் பற்றாக்குறையைப் பேசுவோர் பெரும்பாலும் செலவுப் பக்கத்தையே புரட்டுகின்றனர். அந்தப் பக்கத்தில் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு நல்ல வழியைக் கண்டிருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்கும் வேண்டிய மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக வாங்குகிறது. வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரால் வாங்குவதால் விலை வெகுவாகக் குறைந்தது.

சிவகாசியிலோ பற்றாக்குறை வேறொரு வாயில் வழியாகவும் நுழைகிறது. பட்டாசுக்குள் அடைக்கும் வெடிகலவைக்கும் அங்கே ‘மருந்து’ என்றே பெயர். அந்த மருந்து தீப்பற்றினால் மருத்துவமனை மருந்துக்குக் கணக்கு நிற்பதில்லை. வாரக்கணக்கில் கட்டு, தொற்றுத் தடுப்பு, தோல் ஒட்டு அறுவை, விரல்கள் மடங்கி இறுகாதிருக்க இயன்முறைப் பயிற்சி எனத் தீக்காயச் சிகிச்சை நீளும். இதில் சிக்கனம் பார்த்தால் ஊனமே மிஞ்சும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். படுகாயமுற்றோர் பலர் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இத்தகைய செலவை யார் ஏற்பது என்பதற்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் விடை வைத்திருக்கிறது. மாத ஊதியம் 10,000 ரூபாயாயின் உரிமையாளர் 325 ரூபாயும் தொழிலாளர் 75 ரூபாயும் செலுத்த வேண்டும். அத்திட்டத்துக்கெனச் சிவகாசியில் தனி மருத்துவமனையும் உண்டு. ஆனால் உள்குத்தகைக்கு விடப்பட்ட அறைகளில் எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோரின் பெயர்கள் பலவேளை வருகைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. பெயர் ஏறாதவருக்குச் சந்தாவும் இல்லை. அவர் காயமுற்றால் அரசு மருத்துவமனை ஏற்கிறது, ஏற்கவும் வேண்டும். ஆலை கட்டாமல் விட்ட அந்த 325 ரூபாய்தான் பின்னர் மருத்துவமனைக் கணக்கில் பற்றாக்குறை என்று எழுதப்படுகிறது.

பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்சநீதிமன்றம் 2018-இல் விதித்த தடையால் தொழில் நலிந்தது, சந்தா பெருஞ்சுமை என்பர் சிலர். நலிவு மெய்யே. எனினும் நலிந்த தொழிலின் இழப்பைத் தீக்காயப் பிரிவின் தலையில் இறக்கிவைப்பது எவ்வகையில் முறையாகும்?

காயமுற்று வருவோரின் சிகிச்சை அட்டையில் ஆலையின் பெயரும் காப்பீட்டு எண்ணும் குறிக்கப்பட வேண்டும். சிகிச்சை அதற்காகக் காத்திருக்கலாகாது. எண் இல்லையெனில் மறுநாளே தொழிலாளர் துறை அந்த ஆலையின் பதிவேட்டைக் கேட்டு வாங்கட்டும். செலவுத் தொகை உரிமையாளரிடம் வசூலிக்கப்பட்டு அம்மருத்துவமனைக் கணக்கிலேயே வரவு வைக்கப்படட்டும்.