சோற்றுக்கு நிபந்தனை இல்லை



தைப்பூசம் நெருங்கிவிட்டால் சிங்கப்பூரின் தெம்பனிஸில் புளோக்குக்குக் கீழே நின்று பேசினாலும் பேச்சு விரதத்தில்தான் போய் நிற்கும். சாங்கி விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு வெள்ளிக்கிழமை விளக்கேற்ற முடியவில்லையே என்ற குறை. பங்காளி வீட்டில் சாவு, பால்குடம் எடுக்கலாமா என்று ஒருவருக்குத் தயக்கம். மாதவிலக்கு பூசத்தன்று வந்துவிடுமோ என்று இன்னொருவருக்குக் கலக்கம். இந்தப் பேச்சில் முருகன் குறைவு. தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் அதிகம்.

அதே பூச நாளில் கடலூர் மாவட்டம் வடலூரிலும் கூட்டம் சேரும். சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள். 1872இல் அந்தச் சபையைத் திறந்த வள்ளலார், இளம் வயதில் சென்னைக் கந்தகோட்டத்து முருகனை உருகிப் பாடியவர். திருவொற்றியூர், சிதம்பரம் என்று சந்நிதி சந்நிதியாக நின்றவர். அவர்தான் கடைசியில் சாதி, சமயம், சாத்திரச் சடங்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, உயிர்களிடம் இரக்கம் ஒன்றே கடவுளை அடையும் வழி என்றார். கோயில் வாசலை மிதிக்காதவர் வெளியே நின்று சொன்ன பேச்சல்ல அது.

அவரும் ஒரு விதி வைத்தார். கொலையும் புலாலும் விட்டவரே சபைக்குள் போகலாம். குலம் கேட்கவில்லை, ஆசாரம் கேட்கவில்லை. இன்னோர் உயிரை வருத்தாதே என்பது மட்டும்தான். ஆனால் சபைக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டு முன்பே, 1867 மே 23இல், பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையைத் தொடங்கிவிட்டார். அன்று மூட்டிய அடுப்பை இன்றும் அணையாமல் காத்து வருகிறார்கள். அங்கே இலைமுன் உட்காருகிறவரிடம் என்ன சாதி, மீன் சாப்பிடுவீர்களா என்று யாரும் கேட்பதில்லை. பசி போதும். சபைக்கு நிபந்தனை உண்டு, சோற்றுக்கு இல்லை. அவர் முதலில் திறந்ததும் சோற்றுக் கதவைத்தான்.

விரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி சுமந்து நடப்பவரின் உறுதி எனக்கு எப்போதும் வியப்புதான். அவர் விரும்பி ஏற்ற சுமை அது. ஊர் என்ன சொல்லுமோ, சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று நடுங்கிக்கொண்டு சுமப்பது வேறு. விரதம் தொடங்கிய பிறகு வீட்டில் கடுஞ்சொல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அந்த விரதம் உங்களுடையது. பயம் மட்டும் கூடியிருந்தால், தயங்காமல் இறக்கி வையுங்கள்.

வேலையாலோ தீட்டு என்றோ இந்தப் பூசத்துக்குக் கோயிலுக்குப் போக முடியாதவர்கள் மனம் குமைய வேண்டாம். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்கோ, தங்கும் விடுதியில் இருக்கும் நம் தொழிலாளித் தம்பி ஒருவருக்கோ அன்று வயிறாரச் சோறு போடுங்கள். வள்ளலார் காட்டிய வழியில் அதைவிடப் பெரிய வழிபாடு இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்