எண்ணப்படாத பிரஜைகள்

சர்க்காருடன் ஜனங்கள் நடத்தவேண்டிய காரியங்களுள் பெரும்பகுதி இப்பொழுது இணையதளங்களின் மூலமாகவே நடைபெறுகின்றது. வருமானச் சான்று, மாணவர் உதவித்தொகை, உத்தியோகப் பரீட்சை, வரி முதலிய பலவற்றிற்கும் வாயில் அதுவேயாகும். தாலுகா கச்சேரி வாயிலில் வெயிலிலே காத்து நின்ற துன்பம் ஒழிந்ததென்று நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அன்று வெயிலில் நின்றவனை உத்தியோகஸ்தர் கண்ணாலேனும் கண்டார். இன்று பக்கம் திறவாமல் சோர்ந்து திரும்புகிறவனை யாரும் காண்பதில்லை. அவன் எந்தக் கணக்கிலும் சேர்வதுமில்லை. இவ்விஷயத்தையே நாம் இன்று நேயர்களின் கவனத்திற்குக் கொணர விரும்புகிறோம்.

யூடியூப் ஸ்தாபனத்தில் வேலை பார்த்த கிறிஸ் ஸக்கரையாஸ் என்னும் எஞ்சினீயர் 2012-ஆம் வருஷத்தில் எழுதி வெளியிட்ட அனுபவம் ஒன்று இதனை நன்கு விளக்கும். அந்தத் தளத்தின் காட்சிப் பக்கம் 1.2 மெகாபைட் எடையுள்ளதாயிருந்தது. அவர் அதனை 100 கிலோபைட்டுக்குள் அடக்கிச் சோதனைக்கு விட்டார். பக்கம் விரைவில் திறக்குமென்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் சராசரிக் காலம் குறையாமல் கூடிற்று! காரணத்தை ஆராய்ந்தபொழுது, தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஸைபீரியா முதலிய இடங்களிலிருந்து புதிதாய் ஜனங்கள் வரத்தொடங்கியிருந்தது தெரிந்தது. பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க இருபது நிமிஷங்களுக்கு மேலாகும். ஆதலின் அவர்கள் வந்ததே இல்லை. புதிய பக்கம் இரண்டு நிமிஷங்களுக்குச் சற்று மேலாயினும் திறந்தது, ஆதலின் வந்தார்கள். அதுவரை சராசரி அழகாக இருந்ததற்குக் காரணம், வரமுடியாதவர்களை அது எண்ணாமையே.

நமது இலாகாக்கள் வெளியிடும் புள்ளிவிவரங்களையும் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். இத்தனை லக்ஷம் விண்ணப்பங்கள் வந்தன, குறை கூறுவோர் சிலரே என்கிறார்கள். குறை கூறுவதற்கும் அதே பக்கத்தைத் திறக்கவேண்டியிருக்கிறதல்லவா? சம்மன் சார்வாகாதவன் கோர்ட்டுக்கு வரவில்லையென்று எக்ஸ்பார்ட்டி டிகிரி வழங்குவதற்கும் இதற்கும் வேற்றுமை யாது?

இது சௌகரியத்தை மட்டும் பற்றிய பேச்சன்று. 2021-ஆம் வருஷம் மே மாதம் கொரோனா நோய் உச்சத்திலிருந்த காலத்தில், 18 முதல் 44 வயது வரையுள்ளோர் தடுப்பூசி பெறவேண்டுமாயின் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தே தீரவேண்டுமென்று முதலில் விதிக்கப்பட்டது. இடங்கள் விநாடிகளில் தீர்ந்தன. நிரல் எழுதத் தெரிந்த நகரத்து வாலிபர்கள் தமக்கென்று கருவிகள் செய்துகொண்டார்கள். பக்கம் பாதி இறங்குமுன் இடம் பறிபோன கிராமவாசி என் செய்வான்? அம்மாதம் 24-ஆம் தேதிதான் சர்க்கார் மையங்களில் நேரில் பதிவதற்கு வழி பிறந்தது. டிஜிட்டல் வசதியற்றோர் விடுபட்டுப் போவதையும், பார்வையற்றோர் அத்தளத்தை உபயோகிப்பதிலுள்ள இடர்களையும் சுப்ரீம் கோர்ட்டு மே 31-ஆம் தேதி உத்தரவில் எடுத்துக்காட்டிற்று. உயிரைக் காக்கும் மருந்துக்கும் இணைப்பின் வேகமே தகுதியாயிற்றென்றால், இதனினும் விபரீதம் வேறுண்டோ?

நிற்க. 5ஜி வந்துவிட்டது, இனி இக்கவலை எதற்கு என்று கேட்பாருமுளர். நமது நாட்டில் விற்கும் பல செல்பேசித் திட்டங்களில், அன்றைய பங்கு தீர்ந்தவுடன் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைந்துவிடும் என்பது கம்பெனிகளின் நிபந்தனைகளிலேயே கண்டிருக்கிறது. 2024-ஆம் வருஷத்தில் உலகத்து வலைப்பக்கங்களின் நடுத்தர எடை, கணினியில் காணும்பொழுது, ஏறத்தாழ 2.6 மெகாபைட். 2011-இல் அஃது அரை மெகாபைட்டுக்கும் குறைவு. 64 கிலோபிட் வேகத்தில் 2.6 மெகாபைட் இறங்க ஐந்து நிமிஷங்களுக்கு மேலாகும். இத்தலையங்கத்தின் எழுத்துக்கள் முழுவதையும் சேர்த்தாலும் 25 கிலோபைட்டுக்கு மேற்படாது. அதே வேகத்தில் மூன்று விநாடியில் வந்து சேரும். ஆகவே தாமதத்திற்குக் காரணம் செய்தியன்று. செய்தியின்மேல் ஏற்றிய சுமையே. அலங்காரப் படங்கள், தாமே ஓடும் காட்சிகள், தேவையற்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள் ஆகியவையே அச்சுமை. மலிவான செல்பேசியில் அந்நிரல்கள் இறங்கிய பின்னும் இயங்குவதற்குத் திணறும்.

பரிகாரம் அரிதன்று. எழுத்து முதலில் வரட்டும். அலங்காரம் பின்னே வரட்டும். நிரல் ஓடாவிடினும் விண்ணப்பம் போய்ச் சேரும்படி பக்கத்தை அமைக்கலாம். நீண்ட படிவத்தைப் பகுதிகளாக்கி, இணைப்பு அறுந்தாலும் நிரப்பியது அழியாமல் காக்கலாம். உத்தரவுகளைப் படம் பிடித்து ஏற்றாமல் எழுத்தாகவே ஏற்றலாம். படத்திற்குப் பதில் நிற்கும் வாசகத்தை ஒவ்வொரு படத்துடனும் சேர்த்தால், படம் இறங்காதவனுக்கும் அஃது உதவும். பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக் காட்டும் கருவிக்கும் உதவும். மெதுவான இணைப்புடையவனுக்குச் செய்யும் உபகாரமும் அங்கஹீனருக்குச் செய்யும் நியாயமும் பெரும்பாலும் ஒரே வேலையாக முடிவதைக் காண்க.

சட்டமும் இதற்கு விரோதமன்று. சர்க்கார் தளங்களுக்குரிய வழிகாட்டி விதிகள் 2009-இலேயே வெளியாயின. 2023-இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, டிஜிட்டல் சேவைகளை அடையும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது ஷரத்து காக்கும் ஜீவாதார உரிமையிலேயே அடங்குமென்று தீர்ப்பளித்தது. உரிமையென்று ஏற்பட்டபின், அதனைக் கொடுப்பதற்குக் கணக்கும் இருத்தல் வேண்டும்.

ஆதலின் நாம் கேட்பன மூன்று. முதலாவது, எந்தச் சேவைத் தளமும் 64 கிலோபிட் வேகத்தில், மலிவான செல்பேசியில் சோதித்த பின்னரே திறக்கப்படவேண்டும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதும் அதன் பின்னரே. இரண்டாவது, விண்ணப்பத்தைத் தொடங்கி முடிக்க இயலாதவர் எத்தனை பேரென்று மாதந்தோறும் பிரசுரிக்கவேண்டும். மூன்றாவது, வாயிலுக்கே வராதவனை எந்த யந்திரமும் எண்ணாதாகலின், நேரில் மனுக் கொடுக்கும் ஜன்னலை எங்கும் மூடலாகாது.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டிக் கண்டனத் தீர்மானம் போடுவதோடு நில்லாமல், உங்கள் ஊரில் ஒரு மாலை நேரத்தில், ஏழை ஒருவரின் செல்பேசியை வாங்கி, ஒரு சர்க்கார் விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து, ஊர், தேதி, ஆன நிமிஷம், எவ்விடத்தில் நின்றது என்னும் நான்கையும் குறித்து, இலாகாவுக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதுங்கள். சர்க்கார் எண்ணாத பிரஜைகளை நாமே எண்ணத் தொடங்குவோம். நூறு ஊர்களிலிருந்து அத்தகைய குறிப்புகள் வந்து சேர்ந்தால், குறை கூறுவோர் சிலரே என்னும் பேச்சு அத்துடன் ஒழியும்.