பனியாற்றுக்கு ஒரு நடுகல்

தம்பி!

மலையேறிச் சென்றனர் ஏறத்தாழ நூறு பேர். கரடுமுரடான எரிமலைச் சரிவு. இரண்டு மணி நேர நடை. சிறுவர் உண்டு, முதியோர் உண்டு, நாட்டின் பிரதமரும் உண்டு! எதற்காகச் சென்றனர்? கொடியேற்றத்துக்கா? கோயில் விழாவுக்கா? இல்லை, நீத்தார் நினைவுக்கு! நீத்தவர் யார்? மன்னனா, மாவீரனா? இருவருமில்லை, தம்பி, ஒரு பனியாறு!

ஐஸ்லாந்து நாட்டில் 2019 ஆகஸ்டு 18 அன்று நடந்தது இது. ஓக் என்பது அங்குள்ள எரிமலை. அதன் உச்சியில் வெண்முடியென வீற்றிருந்த பனியாற்றுக்கு ஓக்யோக்குல் என்று பெயர்; யோக்குல் என்றால் அவர்கள் மொழியில் பனியாறு. 1901-ஆம் ஆண்டின் நிலப்படத்தில் அதன் பரப்பு 38 சதுர கிலோமீட்டர். 1978-இல் வானிலிருந்து எடுத்த படத்தில் 3. 2019-இல் ஒன்றுக்கும் குறைவு! பனியாறு வெறும் பனிக்கட்டிக் குவியலன்று. தன் எடையின் அழுத்தத்தாலேயே மெல்ல மெல்ல நகர்வது; அந்த நகர்வே அதன் உயிர். உருகி மெலிந்து நகரும் வலுவை இழந்துவிட்டால், எஞ்சிக் கிடப்பது அதன் சடலம். ஒட்டுர் சிகுர்த்சன் எனும் பனியியல் அறிஞர் 2014-இல் ஓக்யோக்குல் மாண்டது என்று அறிவித்தார்.

அறிவித்தாரே, அகிலம் அதிர்ந்ததா? அழுததா? இல்லை. அளந்து சொன்ன உண்மைதான். எனினும் ஊர்க்கோடியில் ஒலித்த ஒற்றை மணிபோல் ஓய்ந்துபோயிற்று.

பின்னர் வந்தனர் இருவர். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்து மானிடவியலாளர் சிமீன் ஹவ், டொமினிக் பாயர். பனியை அளப்பது அவர்கள் தொழிலன்று. மாந்தர் எதற்காகக் கூடுவர், எப்போது நெகிழ்வர், எதை நினைவில் நிறுத்துவர் என்பதை ஆய்வது அவர்கள் தொழில். ஓக்கின் கதையை 2018-இல் படமாக எடுத்தனர். அத்துடன் நில்லாது, மாண்ட பனியாற்றுக்கு நினைவுப் பட்டயம் பதிப்போம் என்றனர். பட்டயத்துக்கு வாசகம் வேண்டுமே! அந்நாட்டு எழுத்தாளர் அன்ட்ரி ஸ்னைர் மாக்னசன் எழுதித் தந்தார். சிகுர்த்சன் என்ன செய்தார் தெரியுமா? இறப்புச் சான்றிதழ் எழுதி எடுத்துக்கொண்டு மலையேறினார்! பட்டயத்தைப் பாறையில் பதித்தவர்கள் சிறுவர்கள்.

கூர்ந்து பார், தம்பி! அளவு அறிவியலாளருடையது. சடங்கு மானிடவியலாளருடையது. சொல் எழுத்தாளருடையது. ஒருவர் பணியை மற்றொருவர் பறிக்கவில்லை. பனியியலாளர் கவிபாட முனையவில்லை, எழுத்தாளர் எண்களைத் திரிக்கவில்லை. ஐந்தாண்டுக்கு முன் எவரும் ஏறெடுத்துப் பாராத செய்தி, அன்று உலகத்து ஏடுகளிலெல்லாம் ஏறியது.

நமக்கு இது விளங்காததா? ஆநிரை மீட்கப் போரிட்டு மடிந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் பொறித்த இனமன்றோ நாம்! நடுகல் நாட்டும் முறையைப் படிப்படியாய் வகுத்துச் சொல்கிறது தொல்காப்பியம். அந்தக் கல் மடிந்தவனுக்குச் செய்த மரியாதை மட்டுமா? அவ்வழியே போகிறவன் நின்று பார்க்க வேண்டும், நெஞ்சில் ஏற்க வேண்டும் என்பதற்காகவும் நட்டது. ஓக் மலைப் பட்டயமும் அப்படியே. வருங்காலத்தவருக்கு எழுதிய மடல் அது. இருநூறு ஆண்டுகளில் எங்கள் பனியாறுகள் யாவும் இதே வழியில் போகக்கூடும் என்கிறது. நடப்பதும் அறிவோம், செய்யவேண்டியதும் அறிவோம். செய்தோமா என்பது உங்களுக்கே தெரியும் என்கிறது. அடியில் ஓர் எண்: 415.

என்ன எண் அது? பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு எத்தனை பங்கு என்ற கணக்கு. ஆலைகளும் இயந்திரங்களும் பெருகுமுன் ஏறத்தாழ 280. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. 2019 மே மாதத்தில் 415. அதனையும் தாண்டிவிட்டது இன்று! மேடையேறி, நானூற்றுப் பதினைந்து என்று மட்டும் முழங்கிப் பார். முன்வரிசைத் தோழரே கொட்டாவி விடுவார். ஆனால், மகன் பாறையில் பதித்த பட்டயத்தில் அந்த எண்ணைக் கண்ட தாய் மறப்பாளோ?

நாடகம் எழுதிப் பழகியவன் என்பதால் எனக்கோர் அச்சம் உண்டு. மூன்றாம் காட்சியில் விம்மி அழுதவர், கொட்டகைக்கு வெளியே வந்ததும் வெற்றிலைபாக்குக்குச் சில்லறை தேடுவார். கண்ணீர் அத்தனை விரைவில் காயும். அதிலும், சாவு என்றதும் "இனி என்ன இருக்கிறது?" என்று கைவிரிக்கும் மனமும் வந்துவிடும். துக்கம் வீதிக்கு வந்து வாக்குச்சாவடிக்குப் போகுமா? அதுதான் அரசியல்காரன் கேட்கவேண்டிய கேள்வி.

போனது, தம்பி, சுவிட்சர்லாந்தில்! ஐஸ்லாந்துக்கு அடுத்த மாதமே அங்கு பிசோல் பனியாற்றுக்கு நீத்தார் வழிபாடு. கறுப்புடை தரித்தோர் மலையேறினர். நடத்தியவர்கள் வெறுங்கையோடு இறங்கவில்லை. அரசியல் சட்டத்தையே திருத்தக் கோரி மக்களிடம் கையொப்பம் திரட்டி வந்தவர்கள் அவர்கள். அவ்வாண்டு நவம்பரில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களை அரசிடம் அளித்தனர். எளிதில் வென்றனரா? அதுவுமில்லை! கரியமிலவாயுவைக் குறைக்க அரசு கொண்டுவந்த வேறொரு சட்டம் 2021-இல் மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றது. பெட்ரோல் விலை ஏறுமே என்ற அச்சத்தை எதிர்த்தரப்பு வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எரிபொருளின் விலையைப் பேசியவன் வென்றான், பனியை மட்டும் பேசியவன் தோற்றான். பிறகு, பனியாற்றுக் கோரிக்கைக்கு மாற்றாகப் பாராளுமன்றம் ஒரு சட்டம் வகுத்தது. வீட்டுக் கொதிகலனை மாற்றுவோர்க்கு உதவித்தொகையும் அதில் இருந்தது. 2023 ஜூன் 18 அன்று நூற்றுக்கு 59 பேர் அதனை ஏற்றனர். 2050-க்குள் நிகர உமிழ்வு இருக்கலாகாது என்பது இன்று அந்நாட்டின் சட்டம்!

ஆகவே, தம்பி, அடுத்த கிளைக் கூட்டத்துக்கு உன் ஊர் அறிவியல் ஆசிரியரை அழை. கால்மணி நேரம் அவர் பேசட்டும். எண்களை அவரிடமிருந்து வாங்கு, நீயாகக் கூட்டாதே. நம் கலைக்குழுவினர் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். அவர் முடித்ததும், வெயிலில் உழைப்பவர், கடலில் செல்பவர், கழனியில் நிற்பவர் எழுந்து கேட்கும் கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதிவை. நாடகம் அதற்குப் பிறகு எழுதலாம்.